ஐந்தரை கிராம்

செம்பனை ஆலை வாசலில் என் வேலை
லோரிகளை நிறுத்தி எடை போடுவது.
குலைகளுக்கு அடியில்
ஈரமணலை ஒளித்துக்கொண்டு வருகிற டிரைவரை
டயர் பிதுங்குகிற விதத்திலேயே பிடித்துவிடுவேன்.
பதினோரு வருஷம்.

ஏமாந்தது
ஒரு ஞாயிற்றுக்கிழமை,
கோலக் கெட்டில் காலைச் சந்தையில்.

கோழிக் கூண்டுகள் முடிந்து
பழைய இரும்பு தொடங்குகிற இடத்தில்
நீலத் துண்டு விரித்திருந்தார் சந்தானதாஸ்.
"எந்தத் தோட்டம், தங்கச்சி?"
சொன்னேன்.
"அடடே, என் பெரியம்மா மகன்
அங்கேதானே மண்டோராக இருந்தார்!"
எல்லாத் தோட்டத்திலும் அவருக்கு
ஒரு பெரியம்மா மகன் இருந்திருப்பார் என்று
அந்த நேரம் தோன்றவில்லை.

துண்டின் நடுவே அது.
சூலம் ஊன்றி நிற்கும் வெள்ளைக்காரி,
அவள் பின்னால் கடல், ஒரு கப்பல்.
மறுபுறம் சீன எழுத்து, ஜாவி எழுத்து.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு.
அவள் தோளுக்கு மேலே
சின்னதாக ஒரு வெட்டு முத்திரை:
அந்தக் காலத்துச் சீன வியாபாரி யாரோ
சுத்த வெள்ளிதானா என்று சோதித்து
தன் குறியை அடித்துவிட்டுப் போன தழும்பு.

அந்தத் தழும்பில்தான் விழுந்தேன்.
என்னைவிட விவரமான ஒருவன்
நூறு வருஷத்துக்கு முன்பே
எனக்கும் சேர்த்துச் சந்தேகப்பட்டு முடித்திருக்கிறான்.
நான் வேறு எதற்கு?

நூற்றெண்பது வெள்ளி கொடுத்து
வெள்ளியே இல்லாத வெள்ளியை
கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தேன்.
விலை அப்போதே சொல்லியது.
நான்தான் பெரியம்மா மகனைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் மாதிரி நிறுக்கிற ஆய்வுக்கூடத்தில்
கண்ணாடிக் கதவு போட்ட தராசு.
இருபத்தேழுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கவேண்டியது
இருபத்தொன்று புள்ளி நான்கில் நின்றது.
"ரிங்கான், காக்" என்றாள் நூராய்னி.
லேசாம்.
லோரியில் இருநூறு கிலோ மணலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு
உள்ளங்கையில்
ஐந்தரை கிராம் தெரியவில்லை.

தான் பூன் லியோங் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர்,
நாணயம் விற்பது பக்க வியாபாரம்.
என் காசை அரை நிமிஷம்தான் பார்த்தார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
கீழ் இழுப்பறையைத் திறந்து
இன்னும் நான்கை எடுத்து வரிசையாக வைத்தார்.
அதே வருஷம்.
அதே தோள்.
அதே தழும்பு, அதே சாய்வில்,
முனையில் அதே மயிரிழைக் கீறல்.

ஐந்து பேருக்கு ஒரே இடத்தில் காயமென்றால்
அது காயமில்லை,
அச்சு.

"நல்லது ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டேன்.
இருந்தது. எடுத்துக் காட்டினார்.
"இதை விற்க மாட்டேன்,
விளிம்பு எனக்குச் சரியாகப் படவில்லை.
தெரியாது" என்றார்.
ஒரு வியாபாரி வாயில்
அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டேன்.

நான்கு மாதம் கழித்து வேறொன்று விற்றார்.
நான் கேட்கும் முன்பே
தராசை என் பக்கம் தள்ளினார்.
போலி என்று தெரிந்தால், எந்த வருஷமானாலும்,
பணம் திரும்ப உண்டு என்று
பில்லில் எழுதி, கடை முத்திரை குத்தினார்.
நான் எந்தத் தோட்டம் என்று
இன்றுவரை அவர் கேட்டதில்லை.

போலியை என்ன செய்வது?
புதிதாகச் சேர்க்க ஆரம்பித்திருக்கிற யுவனேஷ்
படத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.
"அக்கா, நூறு தர்றேன், எனக்குக் கொடுங்க."
எண்பது நஷ்டத்தோடு கழன்றிருக்கலாம்.
அவன் நிறுத்துப் பார்க்கமாட்டான்,
என்னை அக்கா என்கிறான்.
வாய்வரை வந்த விலையை
எச்சிலோடு விழுங்கினேன்.
"இது செல்லாது" என்றேன்.
நம்பாமல் போனான்.

மறுநாள் தானிடம் கொடுத்து
உளியால் குறுக்கே ஒரு போடு போடச் சொன்னேன்.
உள்ளே செம்மஞ்சளாகப் பல்லிளித்தது.
அதன்மேல் விழுந்த
முதல் நிஜத் தழும்பு.

இப்போது எடைப்பால அறையில்
மேசையின் குட்டைக் காலுக்கு
முட்டுக்கொடுத்திருக்கிறேன்.
மேசை இன்னும் ஆடுகிறது.
அதற்கும் அது பத்தவில்லை.