நான்கு மணிக்குள்

நான்கு மணிக்குள் வந்துவிடுவேன் என்று
பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார் எட்கர் டைசன்.
மேவிஸ் காதில் விழுந்தது ஒரு 'வில்'.
தார் போட்ட சாலை மாதிரி நேரான சொல்,
அதை நம்பி அடுப்பில் எதையும் வைக்கலாம்.
கம்ப்ரியாவில் அன்று மதியம்
மேகம் மலையை விட்டு ஊருக்குள் இறங்கியது.

நான் மீட்புக் குழுவின் அறையில்
தொலைபேசிக்கும் வயர்லெஸுக்கும் நடுவே
பதிவேடு எழுதுகிறவன்.
முழங்கால் போன பிறகு மலையேறுவதில்லை.
யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள்,
அவ்வளவுதான் என் வேலை.

16.40. மேவிஸின் முதல் அழைப்பு.
வருவார், எப்போதும் வருவார் என்று தொடங்கியவள்
பாதி வாக்கியத்தில் 'ஷுட்'டுக்கு மாறினாள்.
அவள் கவனிக்கவில்லை. நான் அடிக்கோடிட்டேன்.

17.20. இன்னும் ஒரு மைல் இருக்கலாம் என்கிறாள்.
'மைட்' என்ற சொல்லுக்கு எலும்பே இல்லை.
அரை மைலும் அதற்குள் போகும்,
ஆறு மைலும் போகும்.

17.45. ரொம்ப தூரம் போயிருக்க முடியாது.
'காண்ட்'.
மலைக்கே 144 போட்டது போல் ஒரு குரல்.

பிறகு வந்தது அந்த வாக்கியம்:
இந்நேரம் கல்சுவர் வரை வந்திருக்க வேண்டும்.

என் மொழியில் இது ஒரு வாக்கியம்.
அவளுடையதில் இரண்டு.
'மஸ்ட்' போட்டால்
வந்துவிட்டார், விளக்கைப் போடு.
'ஷுட்' போட்டால்
வரவில்லை.
ஆறு மணிக்கு முதலாவதைச் சொன்னாள்,
ஏழு மணிக்கு மற்றதை.
இரண்டையும் ஒரே 'வேண்டும்' வைத்து
மனதுக்குள் எழுதிப் பார்த்தேன்.
தாங்கியது.
எதை வேண்டுகிறோம் என்று மட்டும்
அது கேட்கவில்லை.

குழுத்தலைவர் ரோலண்ட் டாலன்டயர்
கண்டுபிடிப்போம் என்று சொல்ல மாட்டார்.
பதினெட்டு வருடம் முன்பு ஒரு பையனின் அப்பாவிடம்
சொல்லிவிட்டார், ஒரே ஒரு முறை.
இப்போதெல்லாம் 'தேடுகிறோம்' என்பார்,
நிகழ்காலத்துக்குள்ளேயே நின்றுகொள்வார்,
டார்ச்சுக்கு பேட்டரி மாற்றுவார்.

20.30. போன் பண்ணியிருக்கலாமே என்று
கோபமாகத்தான் ஆரம்பித்தாள் மேவிஸ்.
'குட்'டுக்குப் பின்னால் அந்த 'ஹேவ்' வந்து ஒட்டியதும்
அவளே பயந்து நிறுத்தினாள்.
வினை, கடந்த பக்கம் சாய்ந்துவிட்டது.
எங்கள் இலக்கணத்தில் அந்தக் காலத்துக்கு
என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது.
நான் சொல்லவில்லை.

21.52. அடுத்த பள்ளத்தாக்கின் மதுக்கடையிலிருந்து
ஒரு பெண் கூப்பிட்டாள்.
தொப்பலாக ஒருவர் சூப் குடித்துக்கொண்டிருக்கிறார்,
பெயர் டைசனாம்,
மூடுபனியில் தப்பான சரிவில் இறங்கிவிட்டாராம்,
அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாளே என்று கேட்கிறாராம்.

காக்கை பறந்தால் இரண்டு மைல்.
கார் போனால் நாற்பத்தொன்று.
நான் இரண்டையும் எழுதினேன்.
ரோலண்ட் இரண்டாவதைச் சுழித்தார்.

போய்ச் சேர எவ்வளவு நேரம் என்றாள் மேவிஸ்.
ஒரு மணி நேரம் ஆகும் என்றவர்
நாக்கைக் கடித்து,
ஆகலாம் என்றார்.
அவள் அதற்குள் சாவியை எடுத்துவிட்டாள்.
மேசைமேல் அவள் கையுறை, ஒன்று மட்டும்.

22.05. கார் கிளம்பியது.
மழை.