காரணம், ஒரு வரியில்

மாதப்பண்ணா, உங்க வாய்ஸ் மெசேஜ் ஏழும் கேட்டேன்.
பாலக்கோட்டுல காலையிலிருந்து கரண்ட் இல்ல,
அதான் லேட்டு.

'கடின உழைப்பாளி'யை எடுத்துட்டேன்,
எல்லாரும் அதைத்தான் போடுறாங்க.
தம்மாமில் எத்தனை டன் கிரேன், எத்தனை வருசம்,
அது போதும்.
சம்பளத்தை ரியாலில் சொல்லாதீங்க,
ஓசூர்க்காரன் பெருக்கிப் பார்த்துச் சிரிப்பான்.
ஆர்டர் கைக்கு வர்றவரை
அங்க பேப்பர் போடாதீங்க.

'வேலையை விடும் காரணம்' கட்டத்துல
நீங்க சொன்னதை அப்படியே அடிச்சேன்:

சின்னவ இப்பல்லாம் போன்ல
'நீ'யை விட்டுட்டு 'நீங்க' போடுறா.

கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்.
அழிச்சுட்டு
'குடும்பச் சூழல்'னு போட்டிருக்கேன்.
இன்டர்வியூல கேட்டாலும் அதையே சொல்லுங்க.

டைப்பிங் நாற்பது ரூபாய்.
வரும்போது கொடுங்க.