அரைப்பேர்

வல்லாரை மூன்று கட்டு, முடக்கொத்தான் ஒன்று
பூனாகலையிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறது,
ஈரச் சேலைத்துண்டில் சுற்றி.
முடிச்சுக்குள் ஒரு துண்டுத்தாள்:
"ஏழாம் நம்பர் மலை, கானோரம். ம. பவளராணி."
தேதி இல்லை. மண் இருக்கிறது.

மூன்று முறை கழுவினேன்,
கடைசி முறை காய்ச்சி வடித்த நீரில்.
இலையில் ஒட்டிய மண்ணும் செலீனியம் காட்டும்;
மலையின் கணக்கு வேறு, இலையின் கணக்கு வேறு.
பிறகு அடுப்பு. அறுபது பாகை, இரண்டு இரவு.
நூறு கிராம் போய்ப் பதின்மூன்று வந்தது.
பதிவேட்டில் அந்தக் கட்டத்தின் பெயர்
'ஈரம் கழித்து'.
அங்கே மட்டும் என் பேனா கொஞ்சம் நிற்கும்.
தராசடியில் கணக்கப்பிள்ளை
மழை பெய்யாத நாளிலும் கூடைக்கு இரண்டு கிலோ வெட்டியதை
விரல் மடக்கிக் கூட்டித்தான்
கணக்குப் படித்தவள் நான்.

நைத்திரிக்கமிலத்தில் கரைகிறது இலை.
பச்சை போய், மஞ்சள் போய்,
வெறும் தண்ணீராய் நிற்கிறது வல்லாரை.
நிலாவின் பெயர் வைத்த மூலகமாம்;
முதல் ஓட்டத்தில் திரையில் அமாவாசை.
குழாய் மாற்றி, வாயு மாற்றி,
கரண்ட் போய் வந்து
நான்காம் ஓட்டத்தில்தான் ஒரு சின்ன மேடு.
ஜன்னலில் நிற்கும் நமுனுகுலைக்கு முன்னால்
அது எறும்புப் புற்றுகூட இல்லை.
ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"இருப்பது வேறு, சேர்வது வேறு" என்பார் ஹேரத் சேர்.
அதற்கென்று ஒரு வயிறு வைத்திருக்கிறோம்:
கண்ணாடிக் குடுவை, பெப்சின், கொஞ்சம் அமிலம்,
முப்பத்தேழு பாகையில் ஆடும் வெந்நீர்த் தொட்டி.
பிறகு பித்தம், கணையச் சாறு,
குடலுக்குப் பதில் விரல் நீளச் சவ்வுப் பை.
கொடுத்து வைத்த வயிறு.
நாலு மணி நேரம் யாரும் அதை அவசரப்படுத்துவதில்லை.
ரொட்டியும் கட்டச் சம்பலும் அதற்குத் தெரியாது,
மேலே ஊற்றும் சாயத்தண்ணி தெரியாது,
மழைக்குள் நின்றபடி
பத்து நிமிடத்தில் விழுங்கியதில்லை அது.

சவ்வைத் தாண்டியது
முப்பத்தொன்று, இருபத்தொன்பது, முப்பத்துமூன்று.
நூற்றுக்கு.

பவளராணிக்குக் கோல் எடுத்தேன்.
சிக்னல் விட்டு விட்டு வந்தது.
"கீரையில இருக்கிறதுல மூணுல ஒரு பங்குதான் அக்கா
ஒடம்புல சேரும். அதுவும்
சேரலாம்னுதான் சொல்ல முடியும்."
கொஞ்ச நேரம் கொழுந்து ஒடிக்கும் சத்தம்.
"அப்ப அதுக்கு அரைப்பேர்கூட விழலையா?"
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
"மிச்சம் எங்க போகுது?"

மிச்சத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
சவ்வைத் தாண்டாமல் பழுப்பாய்த் தங்கியதை
வழக்கமாகக் கழிவு வாளியில் ஊற்றுவேன்.
இன்று குப்பியில் அடைத்தேன்.
தேதி போட்டு, லேபிளில்
அவள் பெயரை முழுதாய் எழுதினேன்:
மருதமுத்து பவளராணி.

நாளை அதையும் அமிலத்தில் கரைத்துப் பார்க்க வேண்டும்,
அறுபத்தொன்பது வருகிறதா,
இல்லை வழியில் யாராவது
வெட்டிவிட்டார்களா என்று.