பெயர்த்தகடு

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜின் அடித்தளத்தில்
ஜெனரேட்டருக்குப் பின்னால்
பத்துக் குதிரை ஓடிக்கொண்டிருக்கிறது.
ஐந்து போதும்.

விதிமுறை சொல்கிறது: முதலில் பெயர்த்தகட்டைப் படி.
தகடு இருக்கிறது.
அதன்மேல் பதினோரு ஆயுதபூஜைச் சந்தனம்
அப்பி அப்பி இறுகி
கோடைக் கண்மாயாய் வெடித்திருக்கிறது.
நடுவில் குங்குமம்.
கிலோவாட் எங்கே, திறன் எத்தனை,
நட்சத்திரம் உண்டா இல்லையா?
சுரண்டப்போன நகத்தை இழுத்துக்கொண்டேன்.

“இருங்கம்மா” என்றார் ஒச்சப்பன்.
துண்டைக் குழாயில் நனைத்து
பக்தியாக எல்லாம் இல்லை,
பஸ் கண்ணாடி துடைக்கிற மாதிரி
அழுத்தித் துடைத்தார்.
ஏழரை கிலோவாட் என்றது தகடு.
மற்ற எண்கள் சந்தனத்தோடு போய்விட்டன.

வயரைக் கவ்வியது கிளாம்ப் மீட்டர்.
குழாயில் பசை தடவி
ஓடுகிற தண்ணீரை வெளியிலிருந்தே எண்ணினேன்.
நூறு ரூபாய் மின்சாரத்தில்
முப்பத்தொரு ரூபாய்தான் மாடி ஏறுகிறது.
மிச்சம் இந்த அறையின் வெக்கை.
மிச்சம் இந்த உறுமல்.
அவர் பனியன் நனைந்திருப்பதும்
அந்த மிச்சத்தில்தான்.

அப்புறம்தான் வால்வைப் பார்த்தேன்.
பாதி மூடியிருந்தது.
ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும்
ஒன்றாக மிதித்துக்கொண்டு ஒரு வண்டி,
எட்டு வருஷமாக.

“யார் மூடினது?”
“நாந்தேன்.
எதிர்சேவை ராத்திரி, லாட்ஜு நெறஞ்ச கூட்டம்.
முன்னூத்தி ரெண்டுல ஒருத்தரு
குழாய் கத்துது, தூக்கம் இல்லைன்னாரு.
மேனேசரு கொஞ்சம் அடக்குன்னாரு.
அடக்குனேன்.”
“அப்புறம்?”
“அப்புறம் யாரும் தொறன்னு சொல்லலையே.”

முன்னூற்றிரண்டுக்காரர் மறுநாள்
அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு
காரைக்குடி பஸ் ஏறியிருப்பார்.
அவருடைய ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு
இன்னும் பில் வந்துகொண்டிருக்கிறது.

முதலாளி குப்புராம் போனில் கேட்டார்:
“பழசு நல்லாத்தானே ஓடுது?”
ஓடுது சார்.
நிற்காமல் ஓடுகிறது, அதுதான் சிக்கல்.

படிவத்தில் எழுதினேன்:
சிறிய பம்ப். வேகம் மாற்றும் டிரைவ்.
பணம் திரும்பும் காலம் பத்தொன்பது மாதம்.
காரணம் என்றொரு கட்டம் இல்லை.
குறிப்புகள் உண்டு, விரல் அகலத்தில்.
‘வால்வு பாதி மூடியிருந்தது’ என்றேன்.
பெயர் போடவில்லை.

“புதுசு வந்தா சத்தம் இருக்காதாம்மா?”
“இருக்காது.”
“அப்ப ஓடுதா நின்னுருச்சான்னு
நான் எதை வச்சுக் கண்டுபிடிக்க?
தூக்கத்துலயே தெரியும் எனக்கு,
சத்தம் மாறுனா எந்திரிச்சிருவேன்.”

பச்சை விளக்கு எரியும் என்றேன்.

“எரியும்.
நான் கண்ண மூடிப் படுத்திருப்பேனே.”

பத்தொன்பது மாதக் கணக்கில்
அதைச் சேர்த்திருக்கவில்லை நான்.
படியேறும்போது
மூன்றாம் படிவரை செருப்புக்கடியில்
உறுமிக்கொண்டே வந்தது.