டிக்கெட்டின் பின்பக்கம்

குடும்பத்தில் யாருக்காவது சுகர் உண்டா
என்று கேட்டார்கள்.
அப்பா எண்பத்திரண்டு வயதிலும்
கருப்பட்டிக் காப்பி குடித்தவர்.
அம்மாவுக்குக் காலாணி மட்டும்.
இல்லை என்றேன், கோடு போட்டார்கள்.
இனிப்பு நிறையச் சாப்பிடுவீங்களா.
இல்லை.
தண்ணி?
இல்லை.
அதற்குமேல் அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இருந்திருந்தால் எழுதியிருப்பேன்:
மாட்டுத்தாவணி – நத்தம் தடம்,
சத்திரப்பட்டி விலக்கு, மாலை ஆறேகால், தூறல்.
நீலச் சட்டைக்காரர் ஒருத்தர்.
கல்யாண வீட்டுக்குக் கொடுக்க
அட்டைப்பெட்டியில் புது குக்கர் வைத்திருந்தார்.
டிக்கெட் இருபத்து மூன்று. கொடுத்தது முப்பது.
சில்லறை இல்லை. பின்பக்கம் 7 என்று எழுதி
இறங்கும்போது வாங்கிக்கங்க என்றேன்.

ஒரு விசில், நிற்க.
இரண்டு விசில், போக.
பார்த்தேன், இறங்கிவிட்டார்.
இரண்டு கொடுத்தேன்.
ஏழு ரூபாய்க்காகத்தான் அவர் திரும்பி
படியில் ஒரு கால் வைத்திருக்க வேண்டும்.
இது இப்போது தோன்றுவது.
அன்றைக்குக் கேட்டது
தார்ரோட்டில் குக்கர் மூடி சுற்றிச் சுற்றி
அடங்கிய சத்தம்தான்.

விசாரணையில் என்மேல் தப்பில்லை என்று முடித்தார்கள்.
டிரைவர் கொம்பையா தோளில் தட்டினார்.
நாலாம் நாள் டூட்டி.
ஆறாம் மாதம் தாகம்.
ராத்திரிக்கு ஐந்து தடவை எழுந்தேன்.
கக்கூஸில் எறும்பு வரிசையை
இந்திராணிதான் முதலில் பார்த்தாள்.

ஆபத்து என்றால் ஓடுவதற்காக
உடம்பு தானே சர்க்கரையை அவிழ்த்துவிடுமாம்.
நான் ஓடவில்லையே.
பின்படியில் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.
டிப்போவில் கிளம்பாத வண்டிக்கு
இன்னமும் டீசல் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.
வழிந்து தரையெல்லாம் ஓடுகிறது.

வீட்டில் மூன்றாவது விசிலுக்கு
நான் சோற்றுத்தட்டைக் கீழே போட்ட நாளிலிருந்து
குக்கர் பரணில் கிடக்கிறது.
இந்திராணி உலையேற்றி வடிக்கிறாள்.
'சுகருக்கு வடிச்ச சோறுதான் நல்லது,
எப்படிப் பாத்துப் பாத்துச் செய்யுறே'
என்கிறாள் எதிர்வீட்டு ஜெபராணி.
இவள் ஆமாம் என்கிறாள்.
என்னிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.
தங்கச்சி கேட்டுவந்தபோது
குக்கரைக் கொடுக்கவுமில்லை.

பத்தொன்பதாம் தேதிகளில்
விரலைக் குத்தினால் முந்நூறு தாண்டும்.
முந்தினநாள் ராத்திரி என்ன சாப்பிட்டீங்க என்பார்கள்.
இரண்டு கோதுமை தோசை. அது உண்மை.
ஆனால் மூணேகாலுக்கு முழிப்பு வந்து
வாயில் விசில் இல்லாமலே ஊதிக்கொண்டிருந்தேன்,
ஒன்று, ஒன்று, ஒன்று.

பெரியாஸ்பத்திரியில் போன செவ்வாய்க்கிழமை
ஹவுஸ்சர்ஜன் பெண் ஒருத்தி, சின்ன வயசு,
சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
மூணு மாசச் சராசரி பத்து புள்ளி நாலு.
ரத்தம் மூணு மாசத்தைத்தான் ஞாபகம் வெச்சிருக்கும்,
அதனால பயப்படாதீங்க.
ஏழுக்குக் கொண்டு வந்துட்டாப் போதும்.

ஏழா, என்றேன்.
ஏழு, என்றாள்.
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.
ஒரு அஞ்சும் ஒரு ரெண்டும்,
பதினோரு வருஷமாய்ச் சட்டைக்குச் சட்டை மாறுபவை.

பின்னால் வரிசை முணுமுணுத்தது.
அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தை.
சுகர் வர்றதுக்கு முன்னாடி
ஏதாவது நடந்துச்சா அய்யா?

தொண்டையில் எச்சில் இல்லை.
சத்திரப்பட்டி, என்றேன்.
வீடு அங்கேயா, என்று கேட்டு
விலாசக் கட்டத்தில் எழுதிக்கொண்டாள்.
நான் திருத்தவில்லை.