டபாகம் முப்பது

சுளகை மடியில் வைத்தால் குமட்டுகிறது.
வைக்காவிட்டால்
சனிக்கிழமை கையில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் மாசம்.
சோறு வடித்தால் கொல்லைக்கு ஓடலாம்
பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டால் தெருவுக்கு ஓடலாம்
தூளின் நெடிக்கு எங்கே ஓட?
அது என் நகக்கண்ணில் இருக்கிறது.

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
சைக்கிள் கடை மாடியில் ஞானசிகாமணி டாக்டர்.
மருந்தோடு சேர்த்து நாற்பது ரூபாய்.

எந்தப் பக்கம் சரிஞ்சு படுப்பே?
இடி இடிச்சா பயமா?
அழும்போது யாராவது தேத்துனா பிடிக்குமா
எரிச்சல் வருமா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டது
பேரு, வயசு, எத்தனாவது.
பிவண்டியிலிருந்து இவர் போனில் கேட்பது
சாப்ட்டியா.
இடது பக்கம் என்று சொல்ல
எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

எல்லாம் எழுதி முடித்துக்
கண்ணாடியைக் கழற்றினார்.
"உனக்கு மருந்து புகையிலைதாம்மா."

"வீட்ல அரை மூட்டை கெடக்கே சார்,
இதுக்கா நாற்பது ரூவா?"

சிரித்தார். விளக்கினார்.
ஒரு சொட்டுச் சாறு, தொண்ணூற்றொன்பது சொட்டு ஸ்பிரிட்டு,
குலுக்கணும்.
அதில் ஒரு சொட்டு எடுத்து மறுபடியும்.
இப்படி முப்பது தடவை.
"பாவநாசத்துல ஒரு சொட்டு விட்டுட்டு
புன்னக்காயல்ல போய் ஒரு கரண்டி மோந்த மாதிரியா சார்?"
"அதைவிடக் கம்மி."
"பெறகு அதுல என்னதான் இருக்கும்?"
"ஞாபகம் இருக்கும்ங்கிறாங்க"
என்றார், பாட்டில் மூடியைப் பார்த்துக்கொண்டு.

மூணு வேளை, நாலு உருண்டை.
சாப்பிடுவதற்கு அரை மணி முன்னும் பின்னும்
காபி கூடாது, காயம் கூடாது, சூடம் கூடாது
புகையிலை வாடை
என்று வந்தவர்
என் விரல்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆகவே வேளைக்கு ஒரு மணி நேரம்
வாய்க்கால் பாலத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.
சும்மா.
கல்யாணத்துக்குப் பிறகு அப்படி உட்கார்ந்ததில்லை.
தண்ணீர் போகிறது, வாத்து போகிறது
யாரோ துவைத்த சட்டையின் நுரை போகிறது.
பத்து நாளில் குமட்டல் குறைந்தது.
உருண்டையாலா பாலத்தாலா, தெரியாது.
கடைக்காரர் நோட்டில் மட்டும் தெளிவாக இருந்தது
தினம் முந்நூறு பீடி குறைச்சல்.

ஒருநாள் பாட்டில் காலி.
மந்திரமூர்த்தி உதட்டில் சீனி.
நாலு வயசு, எல்லாவற்றையும் தின்றுவிட்டான்.
இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன்,
என் வயிறு ஒரு பக்கம் அவன் ஒரு பக்கம்.
"ஒண்ணும் செய்யாது"
என்றார் டாக்டர். உடனே.
அவ்வளவு உடனே சொல்லியிருக்க வேண்டாம்
என்று அவருக்கும் தோன்றியிருக்கும்,
அடுத்த பாட்டிலுக்குக் காசு வாங்கவில்லை.

ஏழாம் மாசம் மெட்டி கழலவில்லை.
கண்ணுக்குள் தீப்பொறி மாதிரி பறந்தது.
பின்மண்டை வலி.
அதற்கும் ஓர் உருண்டை இருக்கும் என்றுதான் போனேன்.
கையில் பட்டையைச் சுற்றினார்
பார்த்தார்
அவிழ்த்து மறுபடி சுற்றினார்.
அன்றைக்கு இடியையும் கனவையும் கேட்கவில்லை.
மருந்துப் பெட்டியை மூடினார்.
"இதுக்கு எங்கிட்ட ஒண்ணும் கெடையாதும்மா.
ஹைகிரவுண்டுக்கு இப்பவே போ. நாளைக்கு இல்ல, இப்ப."
மாடியிலிருந்தே ஆட்டோவைக் கூப்பிட்டார்
ஊரே நிமிர்ந்து பார்க்கிற சத்தத்தில்.

பேட்டை தாண்டும்போது
அவரை முதல்முறையாக நம்பினேன்.

வார்டில் பேரு, வயசு, எத்தனாவது.
ஊசி. மறுபடி பட்டை.
"இடது பக்கமே சரிஞ்சு படுங்க" என்றாள் நர்ஸ்.
"அப்பிடித்தான் படுப்பேன்" என்றேன்,
அவள் கேட்காமலே.

பதினோரு நாள் ஆயிற்று.
டெட்டால், பினாயில், ஆஸ்பத்திரி சோப்பு.
ராத்திரி விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

இருக்கிறது.