நாற்பத்தொரு சாவிகள்

ஒத்தக்கடை தாண்டி,
யானைமலையின் முதுகு தெரியும் மொட்டைமாடியில்
பில்டரின் ஆள் வெள்ளைத்துரை
பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார்.
"எண்ணிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க, செயலாளரம்மா."

லிஃப்ட் அறை. ஜெனரேட்டர். சம்ப் மூடி.
பி பிளாக் மீட்டர் பெட்டிக்குச் சாவி தேவைப்படவில்லை,
கதவு கையோடு வந்தது.
ஈரம் பூத்த சுவரைக் காட்டினேன்.
"வேர்க்குதுங்க, சித்திர மாசம்ல"
என்று தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வைப்புநிதி எங்கே என்று
பொருளாளர் ஜெசிந்தா மூன்றாம் முறை கேட்கையில்
எல்லோருக்கும் பருத்திப்பால் வந்தது.

கடைசிச் சாவியில் நீல மையில் எழுதிய துணிநாடா:
நீச்சல்குளம்.

விளம்பரத் தாளில் அதற்குள் ஒரு குழந்தை
ஆரஞ்சு வளையத்தோடு மிதந்தது.
அதைப் பார்த்துத்தான் கடன் வாங்கினேன்
இருபது வருஷத்துக்கு.
இப்போது அங்கே பதினொரு ஸ்கூட்டர்கள் நிற்கின்றன.

"இதுக்குப் பூட்டு?"
"கம்பெனியிலேர்ந்து சாவிதான் வந்துச்சும்மா."

நாற்பத்தொன்றுக்கும் கையெழுத்திட்டேன்,
கடைசி வரிக்கு எதிரே
'குளம் பாக்கி' என்று எழுதி.

அவர் டப்பாவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

படியருகே நின்ற காவலாளி ஒச்சப்பன்
மெல்லக் கேட்டார்:
"அப்ப இந்த மாசச் சம்பளம்
யார்ட்ட வாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.